நாய்க்கு நாம் கொடுக்கும் தின்பண்டம்

"வீட்டு நாய்க்கு இடையிடையே தின்னக் கொடுப்பதற்கு ஏற்ற பண்டம் யாது? கடையிலே பொதிசெய்து விற்பது நல்லதா, வீட்டிலே இருப்பதைக் கொடுப்பது நல்லதா?" என்னும் வினா இப்பகுதிக்கு வரும் கடிதங்களிலே அடிக்கடி எழுகின்றது. எழுதுவோரிற் பெரும்பாலார் மாணவர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் படலையடியிலே வாலைக் குழைத்துக்கொண்டு நிற்கும் பிராணிக்கு ஏதேனும் கொடுக்கவேண்டும் என்று அவர்களின் உள்ளம் விரும்புகின்றது. அந்த விருப்பம் நல்லது. எனினும் எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எதைக் கொடுக்காமல் விடுவது என்னும் மூன்றையும் அறியாமற் கொடுத்தால், அன்பே நஞ்சாக மாறிவிடவும் கூடும். ஆதலால் இவ்வாரம் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

யானையையும் நாயையும் ஒப்பிட்டு நட்பின் இயல்பை விளக்கும் செய்யுள் ஒன்று நாலடியாரிலே உண்டு. பலநாட் பழகிய பாகனையும் யானை கொல்லும். நாயோ தன்னைக் காயப்படுத்திய தலைவனிடத்தும் அன்பு மாறாது நிற்கும் என்பது அதன் கருத்து. நாயின் பெருமையைக் கூறும் இக்கருத்திலே நமக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. தலைவன் கையிலிருந்து வருவதை நாய் ஆராய்ந்து பார்ப்பதில்லை. நாம் நீட்டியது எதுவாயினும் விழுங்கிவிடும். ஆராயவேண்டிய பொறுப்பு முழுவதும் நம்முடையதே.

தின்பண்டம் வேறு, உணவு வேறு

முதலிலே அளவைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். ஒரு நாளிலே நாய்க்குக் கிடைக்கும் உணவுச் சக்தியிற் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டங்களினால் வரலாகாது என்பது மிருக வைத்தியர்கள் பொதுவாகச் சொல்லும் விதி. பத்துக் கிலோகிராம் நிறையுள்ள வளர்ந்த நாய் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 600 கலோரி வேண்டும். ஆகவே தின்பண்டத்துக்கு உரிய பங்கு 60 கலோரி மாத்திரமே. சிறிய கதலிப்பழம் ஒன்றிலே ஏறக்குறைய அவ்வளவும் அடங்கிவிடும். 15 கிராம் தேங்காய்ச் சொட்டிலும் அவ்வளவு உண்டு. மாரி விசுக்கோத்தாயின் இரண்டுடன் பங்கு முடிந்துவிடும். கரட்டாயின் 150 கிராம் வரையும் கொடுக்கலாம்.

இப்போது ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வீட்டிலே ஐந்து பேர். காலைத் தேநீரின்போது ஆளுக்கு ஒரு விசுக்கோத்து நாயின் வாயிலே போகின்றது. ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. மாலையிலும் அவ்வாறே நிகழ்கின்றது. நாய் பருத்துப் பீப்பாவைப்போல் ஆனதும், "எங்கள் நாய் நல்ல செழிப்பு" என்று அயலாருக்குச் சொல்லிப் பெருமைப்படுகின்றோம். உண்மையிலே அது செழிப்பன்று. மிகை நிறையினால் மூட்டுக்கள் தேய்கின்றன, மூச்சு வாங்குகின்றது, ஆயுள் குறைகின்றது. விலாவிலே கையை வைத்துத் தடவினால் எலும்புகள் விரலுக்குத் தட்டுப்படவேண்டும். கண்ணுக்கு எடுத்துத் தெரியலாகாது. இதுவே சரியான உடம்பின் அடையாளம்.

சிறிதாகக் கொடுத்தால் நாய் ஏமாந்து போகாதா என்று சிலர் கேட்பர். ரஷ்ய நாட்டு அறிஞர் பவ்லோவ் சமிபாட்டைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904ஆம் ஆண்டிலே நோபெல் பரிசு பெற்றவர். உணவு வாயிலே படுவதற்கு முன்னரே, உணவு கொண்டுவருபவனின் காலடியோசையைக் கேட்ட அளவிலே, நாய்க்கு உமிழ்நீர் ஊறத் தொடங்கிவிடும் என்பதை அவருடைய ஆராய்ச்சி காட்டியது. ஆகவே நாயின் மகிழ்ச்சியிற் பெரும்பங்கு எதிர்பார்ப்பிலேயே அடங்கியுள்ளது. பெருவிரல் நகத்தளவு துண்டு ஒன்றும் அதற்குப் பரிசுதான். பெரிய துண்டு ஒன்றைப் பத்தாக நறுக்கிப் பத்து முறை கொடுத்தால், பத்துப் பரிசு பெற்றதாகவே அது மகிழும்.

கடைத் தீனியின் கதை

நாய்க்கென்று விசுக்கோத்துச் செய்து விற்கும் வழக்கம் மிகப் பழையதன்று. அமெரிக்கரான ஜேம்ஸ் ஸ்பிறாற் என்பவர் இலண்டனுக்குச் சென்றபோது, துறைமுகத்திலே கப்பலோட்டிகள் எறிந்த காய்ந்த விசுக்கோத்துக்களை நாய்கள் தேடித் தின்பதைக் கண்டார் என்றும், அதிலிருந்தே நாய் விசுக்கோத்துச் செய்யும் எண்ணம் அவருக்கு உதித்தது என்றும் சொல்வர். கோதுமை, மரக்கறி, பீற்றூட், இறைச்சி ஆகியவற்றைச் சேர்த்து 1860ஆம் ஆண்டளவிலே அவர் தொடங்கிய வியாபாரம் விரைவிலே பெருகியது. 1891ஆம் ஆண்டிலே தம் பெயரால் இலண்டனில் நாய்க் காட்சியைத் தொடக்கிவைத்த சார்ள்ஸ் கிறவ்ற் என்பவரும் இந்த நிறுவனத்திலே வேலை பார்த்தவரே.

இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பெரிய கடைகளிலே நாய்த் தின்பண்டங்கள் பல நிறத்திலும் பல உருவத்திலும் விற்கப்படுகின்றன. உறைகளிலே "இயற்கையானது" என்னும் சொல் பெரிய எழுத்திலே காணப்படும். அச்சொல்லை மாத்திரம் நம்பி வாங்குதல் அறிவுடைமையாகாது. அமெரிக்காவிலே 2007ஆம் ஆண்டு முதலாக, உலர்த்திய கோழியிறைச்சித் துண்டுகளைத் தின்ற நாய்கள் நோயுற்றன என்று முறைப்பாடுகள் வரத் தொடங்கின. 2014ஆம் ஆண்டு மே மாதம் அந்நாட்டு உணவு மருந்து நிருவாகம் வெளியிட்ட கணக்கின்படி, நோயுற்றவை என்று அறிவிக்கப்பட்ட நாய்கள் 5,600க்கு மேல்; இறந்தவை 1,000க்கு மேல். அத்துண்டுகளிற் பெரும்பாலானவை சீனாவிலிருந்து வந்தவை. பல ஆண்டுகள் பரிசோதித்தும் காரணம் இன்னதென்று அந்த நிருவாகத்தினால் அப்போது துணிந்து கூற முடியவில்லை. பார்வைக்கு அவை வெறும் இறைச்சித் துண்டுகளே.

இதனாற் கடைத் தீனி எல்லாம் தீயது என்று சொல்ல வரவில்லை. உறையிலே சேர்பொருள்கள் யாவும் எழுதப்பட்டுள்ளனவா, உப்பும் சீனியும் எவ்வளவு, செய்த இடமும் முடிவுத் திகதியும் உண்டா என்று பார்த்து வாங்குக. பார்த்தும் விளங்காத பெயர்கள் மலிந்திருந்தால் வைத்துவிட்டு வருக. நல்ல தின்பண்டத்திற் பெரும்பகுதி நம் வீட்டு அடுக்களையிலேயே உண்டு.

நாயின் வயிறு

நாய் ஓநாயின் இனம். ஆகையால் இறைச்சியைத் தவிர வேறெதுவும் அதற்கு ஒவ்வாது என்று வாதிப்போர் உளர். இது முற்றும் சரியன்று. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2013ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வொன்று, மாப்பொருளைச் சமிக்கச் செய்யும் நொதியத்துக்குரிய பரம்பரையலகு ஓநாயிடத்தே இரண்டு படிகளும், நாயிடத்தே நான்கு முதல் முப்பது படிகள் வரையும் உள்ளன என்று காட்டியது. மனிதன் பயிர்செய்யத் தொடங்கிய காலத்திலே அவன் குடிசையோரத்திலே மிச்சத்தைத் தின்று வாழ்ந்த பிராணி, அந்த உணவுக்கேற்பத் தன் உடம்பையும் மாற்றிக்கொண்டது என்பதே அறிஞர் கண்ட விளக்கம். ஆகவே சோறும் கிழங்கும் நாய்க்குப் பகையல்ல. நாம் அவற்றோடு சேர்க்கும் வெண்காயமும் உப்பும் புளியும் எண்ணெயுமே ஆராயத்தக்கவை.

தோட்டத்திலும் அடுக்களையிலும் உள்ளவை

கொடுக்கத் தக்கவற்றை முதலிலே கூறுவோம்.

கரட் மிக நல்லது. பச்சையாகவும் கொடுக்கலாம், அவித்தும் கொடுக்கலாம். பச்சைக் கரட்டை உருண்டையாக வெட்டினால் தொண்டையில் அடைக்கக்கூடும். நீளவாக்கிலே மெல்லிதாக வெட்டுதல் வேண்டும். உப்பிடாமல் அவித்த போஞ்சி, மெலிய வேண்டிய நாய்க்கு ஏற்றது. வயிற்றை நிரப்பும், கொழுப்பை ஏற்றாது. சர்க்கரைப் பூசணியை அவித்து மசித்து ஒரு மேசைக்கரண்டி அளவு சோற்றோடு சேர்த்தால் மலம் ஒழுங்காகும். வற்றாளைக் கிழங்கைத் தோலுரித்து அவித்துச் சிறு துண்டுகளாக்கிக் கொடுக்கலாம். வெள்ளரிக்காய் வெயிற் காலத்துக்கு உகந்தது.

பழங்களிலே வாழைப்பழம், விதை நீக்கிய பப்பாசி, விதையும் தோலும் நீக்கிய வத்தகை, கொட்டை நீக்கிய மாம்பழச் சதை ஆகியவற்றைச் சிறிதளவு கொடுக்கலாம். பழங்களிலே இனிப்பு மிகுதி. ஆதலால் ஓரிரு துண்டுகளே போதும். தேங்காய்ச் சொட்டு நாய்க்கு மிகவும் விருப்பமானது. அம்மா தேங்காய் துருவும்போது திருவலையடியிலே வந்து படுத்திருக்கும் நாயைக் காணாத வீடு நம் நாட்டிலே அரிது. ஆயினும் தேங்காயிலே கொழுப்பு அதிகம். விரல் நுனியளவு சொட்டு ஒன்று இரண்டு கொடுப்பதனால் தீங்கில்லை. துருவிய பூவைக் கைநிறைய அள்ளிக் கொடுத்தால் வயிற்றோட்டமே பயன்.

முட்டையை அவித்துக் கொடுக்கவேண்டும். பச்சை முட்டையின் வெள்ளைக்கருவிலே உள்ள அவிடின் என்னும் பொருள் பயோற்றின் என்னும் உயிர்ச்சத்தைப் பற்றிப் பிடித்து, உடம்பிலே சேரவொட்டாமல் தடுக்கும். அவித்தால் அக்குற்றம் நீங்கும். மீனை உப்பும் புளியுமின்றி அவித்து, முள்ளைக் கவனமாக நீக்கிக் கொடுக்கலாம். கோழியீரலை அவித்துக் கொடுத்தால் எந்த நாயும் சொன்னபடி கேட்கும். எனினும் ஈரலிலே ஏ உயிர்ச்சத்து மிகையாக உண்டு. நாள்தோறும் மிகுதியாகக் கொடுத்துவந்தால் அது எலும்பைக் கெடுக்கும். வாரத்திலே ஓரிரு முறை, சிறு துண்டுகளாக என்பதே முறை.

பாலைப் பற்றியும் ஒரு சொல். பால் குடியாத நாயும் உண்டோ என்று எண்ணுவோம். குட்டிப் பருவம் கடந்ததும் பாலிலுள்ள சீனியைச் சமிக்கச் செய்யும் ஆற்றல் பல நாய்களுக்குக் குறைந்துவிடும். கோப்பை நிறையப் பாலூற்றினால் வயிற்றோட்டம் வரும். சீனி சேர்க்காத தயிர் ஒரு கரண்டி கொடுத்துப் பார்க்கலாம்; தயிராகும்போது அச்சீனி ஓரளவு குறைந்துவிடுகின்றது.

கொடுக்கத் தகாதவை

இனி, எக்காரணம் கொண்டும் கொடுக்கத் தகாதவற்றைக் கூறுவோம். இங்கே வாசகர்கள் நன்கு கவனிக்கவேண்டியது, இவற்றிற் பெரும்பாலானவை இயற்கைப் பொருள்களே என்பதாகும். மரத்திலே காய்ப்பதும் மண்ணிலே விளைவதும் தீங்கு செய்யா என்னும் நம்பிக்கை மனிதனுக்கே முழுதும் பொருந்தாது. நாய்க்கு எவ்வாறு பொருந்தும்?

முதலாவது முந்திரிகைப்பழம். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலே நாம் பந்தலிட்டு வளர்க்கும் அதே பழமும், அதனைக் காயவைத்துப் பெறும் வற்றலும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கவல்லவை. சில நாய்கள் பல பழங்களைத் தின்றும் தப்பிவிடும். சில நாய்கள் சிறிதளவிலேயே மடிந்துவிடும். இதுவே இந்த நஞ்சின் கொடுமை. "எங்கள் நாய் முன்னர் தின்றது, ஒன்றும் நேரவில்லை" என்பது பாதுகாப்பாகாது. தின்ற ஒரு நாளுக்குள் வாந்தி தொடங்கும். பின்பு நாய் சோர்ந்து படுத்துவிடும். ஓரிரு நாளிலே சிறுநீர் குறைந்து நின்றுவிடும்.

நாம் அறிந்த வீடொன்றிலே நத்தார்ப் பண்டிகையின்போது நடந்ததை இங்கே கூறுதல் தகும். வந்தவர்களுக்கு வைத்த கேக்கிலே பெரிய துண்டு ஒன்றை எட்டு வயதுச் சிறுவன் ஒருவருக்கும் தெரியாமல் நாய்க்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். தன் பங்கைத்தான் கொடுத்தான். கேக் நிறைய முந்திரிகை வற்றல் இருந்தது. மறுநாள் வாந்தி. சாப்பாடு ஒவ்வாமற் போயிற்று என்று எண்ணிப் பெரியவர்கள் ஒரு நாளைப் போக்கிவிட்டனர். மிருக வைத்தியரிடம் கொண்டுசென்றபோது காலம் கடந்துவிட்டது. நான்காம் நாள் நாய் இறந்தது. "அம்மா, நான் நல்லதைத்தானே குடுத்தனான்?" என்று அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு அங்கிருந்தோர் எவராலும் விடை சொல்ல முடியவில்லை. பிள்ளைமேற் குற்றமில்லை. வீட்டிலே ஒருவரும் அதனை அவனுக்குச் சொல்லி வைத்திருக்கவில்லை. இப்பகுதியைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுமாறு பெற்றோரை நாம் வேண்டுவது இதன்பொருட்டே. பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலை நாய்க்கு வைக்கும் வழக்கமுள்ள வீடுகளும் கவனிக்க: வற்றல் சேர்ப்பதற்கு முன் சிறிது வெண்பொங்கலை எடுத்து வைத்துவிட்டால் வழக்கமும் கெடாது, நாயும் பிழைக்கும்.

முந்திரிகையிலே நஞ்சாவது எது என்பது நெடுங்காலம் புலப்படாதிருந்தது. அது தார்த்தாரிக் அமிலமாகலாம் என்று அமெரிக்க மிருக வைத்தியர் சிலர் 2021ஆம் ஆண்டிலே கருத்துத் தெரிவித்தனர். அடுத்த ஆண்டு வெளிவந்த அறிக்கையொன்றிலே, புளியைத் தின்ற நாய்களுக்கும் அதே வகையான சிறுநீரகக் கேடு உண்டானது விவரிக்கப்பட்டது. ஏனெனிற் புளியிலும் அந்த அமிலம் மிகுதியாக உண்டு. புளி சேராத குழம்பு அரிதாகிய நம்மவர்க்கு இது முக்கியமான செய்தி. மிஞ்சிய இரசத்தையும் புளிக்குழம்பையும் சோற்றிலே ஊற்றி நாய்க்கு வைக்கும் வழக்கத்தை நிறுத்திவிடுதலே நன்று. புளியை உடைத்துக் காயவைக்கும் முற்றத்திலே நாயை உலாவவிடுதலும் ஆகாது.

இரண்டாவது வெண்காயமும் உள்ளியும். இவை இரத்தத்தின் செங்கலங்களைச் சிதைக்கும். பச்சையாயினும் வதக்கினாலும் பொடியாக்கினாலும் குணம் மாறாது. ஒரு கிலோகிராம் நிறைக்கு 15 முதல் 30 கிராம் வரை வெண்காயம் சென்றால் நாயின் இரத்தத்திலே மாற்றம் காணப்படும். அவ்வளவை ஒரே முறையில் எந்த நாயும் தின்னாது என்று எண்ணவேண்டா. சிறிது சிறிதாக நாள்தோறும் சென்றாலும் கேடு சேர்ந்துகொண்டே போகும். சில நாள் கழித்தே முரசு வெளிறுதல், இளைப்பு, சிறுநீர் கருஞ்சிவப்பாதல் முதலிய குறிகள் தோன்றுவதால், காரணத்தை எவரும் வெண்காயத்தோடு பொருத்திப் பார்ப்பதில்லை. சம்பல் பிசைந்த சோறும், வதக்கல் மிச்சமும், இறைச்சிக் கறியின் குழம்பும் இவ்வகையிலே அடங்கும்.

மூன்றாவது சொக்லேற். அதிலுள்ள தியோபுறோமின் என்னும் பொருளை நம் உடல் விரைவிலே கழித்துவிடும். நாயின் உடல் மெதுவாகவே கழிக்கும். பத்துக் கிலோகிராம் நாய்க்குப் பால் சொக்லேற் 100 கிராம் அளவிலே வாந்தியும் பதற்றமும் தொடங்கலாம். கொக்கோத் தூளாயின் 10 கிராம் அளவே அதற்குப் போதும். கறுப்பு மிகுந்தால் நஞ்சும் மிகும் என்று நினைவில் வைத்துக்கொள்க.

நான்காவது சைலிற்றோல் என்னும் இனிப்பு. சீனியில்லாத சுவிங்கம், சில பற்பசைகள், நீரிழிவுக்காரருக்கென விற்கும் சில இனிப்புக்கள், சில வகைக் கச்சான் பசை ஆகியவற்றிலே இது உண்டு. நாயின் உடலிலே இது சென்றதும் இன்சுலின் பெருகிச் சுரந்து, இரத்தத்திலுள்ள சீனி அரைமணித்தியாலத்துக்குள்ளேயே வீழ்ந்துவிடக்கூடும், ஈரலும் கெடலாம். தாத்தாவின் மேசையிலே கிடக்கும் இனிப்புத்தானே என்று பிள்ளைகள் எடுத்துக் கொடுத்துவிடலாகாது.

இவற்றோடு, பச்சை மரவள்ளிக் கிழங்கையும் சேர்த்துக்கொள்க. அதிலே சயனைட்டு நஞ்சு உண்டாகும் என்பதனாலேயே நாம் அதனை மூடாமல் அவிக்கின்றோம். தோலையும் பச்சைத் துண்டையும் நாய்க்கு எறியலாகாது. அப்பத்துக்கும் பாணுக்கும் புளிக்க வைத்த பச்சை மா வயிற்றிலே மேலும் பொங்கி வாயுவையும் மதுசாரத்தையும் உண்டாக்கும். கருவாட்டிலே உப்பு மிகுதி. பொரித்த கொழுப்பும் இறைச்சியின் நெய்த்தோலும் கணையத்தை வீங்கச் செய்யும். பண்டிகைக்கு மறுநாள் நாய்கள் நோயுறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எலும்பும் மாங்கொட்டையும்

நாயையும் எலும்பையும் பிரித்து எண்ண நம்மால் முடிவதில்லை. முதற் பாடப்புத்தகத்திலேயே நாயின் வாயில் எலும்பை வரைந்து வைத்துவிட்டோம். ஆனாற் சமைத்த எலும்பு, விசேடமாகக் கோழியெலும்பு, நொறுங்கும்போது ஊசிபோலக் கூராகி வாயையும் தொண்டையையும் குடலையும் குத்தும். மேலே கூறிய அமெரிக்க நிருவாகம், கடைகளிலே பதப்படுத்தி விற்கும் எலும்புத் தின்பண்டங்களினால் ஏறக்குறைய 90 நாய்கள் துன்புற்றதாகவும் அவற்றுள் 15 இறந்ததாகவும் தனக்கு அறிவிக்கப்பட்டதை 2017ஆம் ஆண்டிலே வெளியிட்டு எச்சரித்தது. பச்சையெலும்பு அவ்வாறு எளிதிலே சிராயாகாதெனினும், அதிலே கிருமிகள் இருக்கலாம், பல்லும் உடையலாம். கடிக்கக் கொடுக்கும் எப்பொருளையும் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்க்கவேண்டும். நகம் சிறிதும் பதியாவிட்டால் அது நாயின் பல்லுக்கு மிகக் கடினமானது.

மாம்பழக் காலத்திலே மற்றோர் ஆபத்து உண்டு. கறுத்தக்கொழும்பானைச் சுவைத்துவிட்டு நாம் முற்றத்திலே எறியும் கொட்டையை, வழுவழுப்பினாலும் மணத்தினாலும் கவரப்பட்டு நாய் முழுதாக விழுங்கிவிடும். அது குடலிலே சென்று அடைத்துக்கொண்டால் வாந்தி நிற்காது; மலம் போகாது; வயிற்றை வெட்டித்தான் எடுக்கவேண்டும். சோளப்பொத்தியின் தண்டும் இத்தகையதே. பழம் தின்றபின் கொட்டைகளை மூடியுள்ள வாளியிலே போடும் வேலையை வீட்டிலுள்ள சிறுவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

வீட்டிலே செய்யும் முறை

எளிய பண்டங்கள் இரண்டைக் கூறுகின்றோம்.

முதலாவது மீன்துண்டு. சூரை அல்லது பாரை மீனை உப்பின்றி வெறும் நீரிலே அவித்து, ஆறியபின் முள்ளும் தோலும் நீக்கிச் சிறு சிறு துண்டுகளாக உதிர்த்துக்கொள்க. எண்ணெயிடாத தாய்ச்சியிலே இளஞ்சூட்டில் ஈரம் வற்றும்வரை வறுத்து எடுக்க. குளிர்சாதனப் பெட்டியிலே மூன்று நாள் வைத்துக் கொடுக்கலாம். அதற்குமேல் வைத்திருக்கலாகாது, நம் நாட்டு வெப்பத்திலே வெளியிலும் வைக்கலாகாது.

இரண்டாவது பூசணி விசுக்கோத்து. அவித்து மசித்த சர்க்கரைப் பூசணி ஒரு கோப்பை, முட்டை இரண்டு, ஆட்டா மா இரண்டரைக் கோப்பை ஆகியவற்றை நன்றாகப் பிசைக. சீனி, உப்பு, வாசனைப் பொருள் எதுவும் சேர்க்கவேண்டா. மா இறுகாவிட்டால் இன்னும் சிறிது ஆட்டா மா சேர்க்கலாம். கால் அங்குலத் தடிப்பிலே தட்டி, நகத்தளவு சதுரங்களாக வெட்டி, 180 பாகை செல்சியசுச் சூட்டிலே முப்பது நிமிடம் வரை வேகவைக்க. போறணை இல்லாத வீடுகளிலே தோசைக்கல்லிலே மெல்லிதாகத் தட்டி இருபுறமும் நன்றாகக் காயச் சுட்டு, பின்னர் வெட்டிக்கொள்ளலாம். ஆறியபின் காற்றுப்புகாத போத்தலிலே அடைக்க. பூஞ்சணம் சிறிது கண்டாலும் முழுவதையும் எறிந்துவிடவேண்டும். பூஞ்சண நஞ்சு நாயையும் தாக்கும்.

புதிய பண்டம் எதனையும் முதல் நாள் ஒரு துண்டு மாத்திரம் கொடுத்து, இரண்டு நாள் பொறுத்துப் பார்க்க. சொறிதலோ வயிற்றோட்டமோ இல்லாவிட்டால் தொடரலாம். நீரிழிவு, சிறுநீரக நோய் முதலியவை உள்ள நாய்க்கும், சிறு குட்டிக்கும் மிருக வைத்தியரைக் கேட்டே கொடுக்கவேண்டும்.

கொடுக்கும் முறை

எதைக் கொடுப்பது என்பதைப் போலவே எப்போது கொடுப்பது என்பதும் முக்கியமானது. நாம் உண்ணும் வேளையிலே கோப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால், நாய் நாள்தோறும் உணவறை வாயிலிலே நின்று குழையும். பிள்ளையின் கையிலிருப்பதைப் பறிக்கவும் துணியும். ஆகவே உண்டு முடிந்தபின் வெளியே அழைத்துச் சென்று, "இரு" என்று சொல்லி, அது இருந்தபின் கொடுக்கவேண்டும். வேலைக்குக் கூலியாகக் கிடைத்த துண்டு பழக்கத்தை வளர்க்கும். குரைத்துப் பெற்ற துண்டு குரைப்பையே வளர்க்கும்.

சிறு பிள்ளைகள் விரல்நுனியாற் பிடித்து நீட்டாமல், உள்ளங்கையை விரித்து அதிலே வைத்துக் கொடுக்கப் பழகவேண்டும். கொடுப்பதுபோற் காட்டிப் பின்னிழுத்து விளையாடலாகாது. தின்றுகொண்டிருக்கும் நாயின் வாயிலே கைவைக்கலாகாது. எவ்வளவு பழகிய நாயாயினும் இவ்விதிக்கு விலக்கில்லை.

பலர் பலமுறை கொடுப்பதைத் தடுக்க நல்ல வழி ஒன்று உண்டு. அன்றைய பங்கைக் காலையிலேயே அளந்து ஒரு சிறு போத்தலிலே போட்டுவிடுங்கள். யார் கொடுத்தாலும் அதிலிருந்தே எடுக்கவேண்டும். போத்தல் வெறுமையானால் அன்றைக்கு அவ்வளவுதான்.

தீங்கு நேர்ந்தால்

தகாத பொருளை நாய் தின்றுவிட்டது என்று தெரிந்தால், குறி தோன்றட்டும் என்று காத்திராமல் உடனே மிருக வைத்தியரை நாடவேண்டும். தின்ற இரண்டு மணித்தியாலத்துக்குள் கொண்டுசென்றால் வாந்தியெடுக்கச் செய்து நஞ்சிற் பெரும்பகுதியை அகற்ற அவரால் இயலும். உப்பு நீரைப் பருக்கி நாமே வாந்தியெடுக்கச் செய்தல் பெருந்தவறு. உப்பே நாய்க்கு நஞ்சாகிவிடும். என்ன தின்றது, எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்குத் தின்றது, நாயின் நிறை என்ன என்னும் நான்கையும் ஒரு தாளிலே எழுதிக்கொண்டு, உறை இருந்தால் அதனையும் எடுத்துச் செல்க. அண்மையிலுள்ள மிருக வைத்தியரின் தொலைபேசி இலக்கம் வீட்டிலே எல்லோருக்கும் தெரியும் இடத்திலே எழுதப்பட்டிருத்தல் நன்று. பிள்ளையொன்று தவறாகக் கொடுத்துவிட்டதாயின் அதனைக் கடிந்துகொள்ளவேண்டா. கடிந்தால் அடுத்தமுறை மறைத்துவிடும்; மறைத்தால் நாயின் உயிருக்கே ஆபத்து.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகின்றோம். ஒரு மட்டையை எடுத்து இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். ஒருபுறம் கொடுக்கத் தக்கவை, மறுபுறம் தகாதவை. முந்திரிகை, வற்றல், புளி, வெண்காயம், உள்ளி, சொக்லேற், சைலிற்றோல், சமைத்த எலும்பு, மாங்கொட்டை ஆகியவற்றைச் சிவப்பு மையால் எழுதுங்கள். அடுக்களைக் கதவிலே, வீட்டுக்கு வரும் விருந்தினருக்கும் தெரியக்கூடிய உயரத்திலே ஒட்டிவிடுங்கள். வாசிக்கத் தெரியாத தம்பி தங்கையருக்கு நீங்களே வாசித்துச் சொல்லுங்கள். நாய்க்கு வாசிக்கத் தெரியாது. அதற்காக வாசிக்கவேண்டியவர்கள் நீங்கள்.